ஒன்றாம் நம்பர் எந்தப் பக்கம்

ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்கள் நாலு வருஷம் பேசாமல் இருந்தார்கள் என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அற்பக் காரணங்களுக்குப் பேச்சை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பேசாமல் இருந்துகொண்டே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கார் எஞ்சினைத் துண்டு துண்டாகக் கழற்றி, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, மறுபடி பூட்டியும் முடித்தார்கள் என்றால், அதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

கார் அவர்களுடைய மாமனாருடையது. அவர் முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அந்தக் காரின் கிளட்சைத் தேய்த்துத்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில், காலடியில், அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்திருந்தார். ஸ்கூலை மூடி எத்தனையோ நாள் ஆகியும் அதைக் கழற்ற மனசு வரவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் எலும்பு வரை ஊறிவிட்டது. வீட்டில் யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினால்கூட அவருடைய கால் தானாகத் தரையை மிதிக்கும்.

மூத்த மகளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை. கார் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கூரை போட்ட பட்டறை, அதில் எப்போதும் தலைக்கு மேல் வேலை. இளைய மகளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. படகு எஞ்சின் பார்ப்பவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பெரியவர், சின்னவர் என்று பெயரே தவிர, வயசில் இரண்டு வருஷம்தான் வித்தியாசம். கோபத்தில் அந்த வித்தியாசமும் கிடையாது.

ஆரம்பத்தில் இரண்டு பேரும் ஒரே பட்டறையில்தான் வேலை பார்த்தார்கள். அப்போது ஒரு சரக்கு வேன் வந்தது. நாலு சிலிண்டரில் ஒன்றில் பிஸ்டன் விரிசல் விட்டிருந்தது. சின்ன மாப்பிள்ளை பார்த்துவிட்டு மூணாவது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பெரிய மாப்பிள்ளை மூணாவதைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினார். இரண்டாம் நாள் அந்த வேன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்டது. விரிசல் விட்ட பிஸ்டன் உள்ளேயே இருந்தது. குப்பைக்குப் போனது நல்ல பிஸ்டன்.

விஷயம் இவ்வளவுதான். காரில் வேலை கற்றவர்கள் சிலிண்டரை ஃபேன் இருக்கும் முன்பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். சின்ன மாப்பிள்ளை வேலை கற்ற படகுத்துறையில் பின்பக்கத்திலிருந்து எண்ணுவது வழக்கம். ஒருவருக்கு மூணாவது மற்றவருக்கு ரெண்டாவது. இதை ஒரு நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வேன்காரர் எதிரே நின்றார், தெருவில் கூட்டம் கூடிவிட்டது. எண்ணத் தெரியாத ஆளோடு வேலை செய்ய முடியாது என்று ஒருவர் சொல்ல, தண்ணியில் மிதக்கிறதைப் பார்க்கிறவனுக்கு ரோட்டில் ஓடுகிறது எங்கே தெரியப்போகிறது என்று இன்னொருவர் சொல்ல, அன்றைக்கே சின்ன மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்த் தனியாக ஒரு கொட்டகை போட்டுவிட்டார்.

அதிலிருந்து எது சொல்வதானாலும் அக்கா தங்கை மூலமாகத்தான். மூத்தவளுக்குத் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. ஆபீஸில் செய்கிற வேலையையே வீட்டிலும் செய்ய வேண்டியிருக்கிறது, இதற்குச் சம்பளம்தான் இல்லை என்பாள்.

இப்படி நாலு வருஷம் போனபிறகுதான் மாமனார் அந்தக் காரை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று கிளம்பினார். இரண்டு மாப்பிள்ளைகளும் கை வைக்க வேண்டும், ஒருத்தர் மட்டும் செய்வதானால் வண்டியை இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமனாரிடம் எதிர்த்துப் பேச இரண்டு பேருக்கும் தைரியம் கிடையாது. வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கீழ்ப்பாதி, அதாவது பிஸ்டனும் அதைச் சுற்றி இறுக்கும் ரிங்கும், சின்ன மாப்பிள்ளைக்கு. மேலே இருக்கும் ஹெட்டும் வால்வுகளும் பெரிய மாப்பிள்ளைக்கு. காலையில் பெரியவர், மத்தியானத்துக்கு மேல் சின்னவர். நேரில் பார்த்துக்கொள்ளாமலே ஏழு வாரம் ஓடியது. ஒருவர் செய்ததை மற்றவருக்குத் தெரிவிக்க ஸ்பேர் பார்ட்ஸ் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் பென்சிலால் எழுதி ஆணியில் குத்திவிட்டுப் போவார்கள். 'ஆயில் பம்ப் மாட்டியாகிவிட்டது.' 'கேஸ்கட் மேஜை மேல் உள்ளது.' யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்பது இல்லாமல், முனிசிபாலிட்டி நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஏழு வாரத்தில் சின்ன மாப்பிள்ளைக்கு மனசு இளகிவிட்டது. பெரியவர் உட்கார வைத்திருந்த வால்வுகளைத் தொட்டுப் பார்த்தபோது அந்த வேலையின் சுத்தம் அவருக்குப் புரிந்தது. தனிக் கொட்டகையில் நாலு வருஷமாகத் தன் வேலையைத் தானே பார்த்துத் தானே மெச்சிக்கொண்டு அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து வேறொரு பிரச்சனை வந்தது. ஆறு மணி நேர பஸ் பயண தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய துறைமுகத்திலிருந்து படகுக் கம்பெனி மேனேஜர் ஒருவர் போன் செய்தார். நிரந்தர வேலை, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் சரி, இல்லை என்று சொல்லிவிட வேண்டும், தாண்டினால் வேறு ஆள் என்றார். கொட்டகையில் வேலை குறைந்துகொண்டே வந்தது. மறுக்கிற நிலையில் சின்ன மாப்பிள்ளை இல்லை. போகிற மனசும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இல்லாத ஒரு வீட்டில் தன் மனைவி என்ன செய்வாள் என்று நினைத்தாலே அவருக்குத் தூக்கம் போனது.

அப்போதுதான் இளையவள் ஒரு சேதி கொண்டுவந்தாள். பெரிய மாப்பிள்ளை தன் மனைவியிடம் சொன்னாராம், மனைவி தங்கையிடம் சொன்னாளாம்: இந்த எஞ்சின் மட்டும் பிசிறில்லாமல் ஓடிவிட்டால், பட்டறையை மறுபடி சேர்ந்து நடத்தலாமா என்று அவரே கேட்பார். ஓடவில்லை என்றால், சேர்ந்து வேலை செய்ய நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று வாயைத் திறக்காமல் இருந்துவிடுவார்.

துறைமுகத்து வேலையைப் பற்றி அந்தப் பக்கம் மூச்சுவிடக் கூடாது என்று சின்ன மாப்பிள்ளை மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். போய்விடுவேன் என்று பயம் காட்டிக் கேட்க வைத்தது போல் ஆகிவிடும், அது வேண்டாம் என்றார். அக்காவிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாத அவள் மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது பெரிய விஷயம். எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்வது என்று குறித்திருந்த நாளும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பட்டறையில் எல்லோரும் கூடினார்கள். கார் முட்டுக்கட்டை மேல் நின்றது, நாலு சக்கரமும் தரையில் படவில்லை. அப்படியும் மாமனார் தன் சீட்டில் ஏறி, பெல்ட்டும் போட்டுக்கொண்டு, தன் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டார். ஃபேன் பக்கம் பெரிய மாப்பிள்ளை, கதவுப் பக்கம் சின்ன மாப்பிள்ளை. பேனட் திறந்திருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதது இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது. மூத்தவள்தான் சாவியைத் திருகினாள்.

எஞ்சின் இரண்டு தடவை முனகியது, மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. பிடித்ததும் எவ்வளவு இதமாக ஓடியது என்கிறீர்கள். மேலே எங்கோ டிக் டிக் என்று மெல்லிய ஒரு சத்தம் மட்டும். புது எஞ்சின், எண்ணெய் மேலே ஏறட்டும், அடங்கிவிடும் என்று பெரிய மாப்பிள்ளை பொதுவாகக் காற்றிடம் சொன்னார். சின்ன மாப்பிள்ளையும் காற்றைப் பார்த்துத் தலையாட்டினார். மாமனார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இடது பக்கம் திரும்புவதாகச் சைகை காட்டினார். அக்காவும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். சூடு காட்டும் முள் பாதிக்கு வந்தது. அங்கேதான் எஞ்சின் ஒரு தடவை இடறியது. பிறகு இன்னொரு தடவை. பிறகு நாலு அடிக்கு ஓர் அடி தவறாமல் விட்டுப்போக ஆரம்பித்தது. கார் முழுக்கக் குலுங்கியது. டேஷ்போர்டில் இருந்த மாமனாரின் மூக்குக் கண்ணாடி நடந்து வந்து அவர் மடியில் விழுந்தது. அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். குலுக்கல் நிற்கவில்லை.

"மிஸ் அடிக்குது" என்று பெரிய மாப்பிள்ளை தன் மனைவியிடம் சொன்னார்.

"மிஸ் அடிக்குதாம்" என்று அவள் தங்கையிடம் சொன்னாள்.

தங்கை அதைத் தன் புருஷனிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் காதிலும் அது விழுந்துகொண்டுதான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே கால்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது சுலபம். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் ஓடுகிற எஞ்சினில் பிளக் வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல சிலிண்டரின் வயரை இழுத்தால் எஞ்சின் இன்னும் தள்ளாடும். செத்த சிலிண்டரின் வயரை இழுத்தால் ஒரு மாற்றமும் இருக்காது. பெரிய மாப்பிள்ளை இழுத்தார். நடுவில் இருந்த இரண்டில், ஃபேன் பக்கம் இருந்ததை இழுத்தபோது எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை.

எத்தனாவது என்று மாமனார் கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்த வீட்டில் நாலு வருஷமாக சிலிண்டருக்கு நம்பர் சொல்லுகிற துணிச்சல் யாருக்கும் இல்லை. கடைசியில் மூத்தவள் ஒரு பச்சைத் துணியைக் கிழித்து அந்த வயரில் கட்டினாள். அன்றைக்கு முழுக்க அது 'பச்சைத்துணி' என்றே அழைக்கப்பட்டது.

பச்சைத்துணியின் பிளக்கைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் மாட்டினார்கள், பக்கத்து பிளக்கை இங்கே மாட்டினார்கள். மிஸ்ஸிங் இடம் மாறவில்லை. வயரை மாற்றினார்கள். அப்போதும் அதே இடம். கார்ப்பரேட்டரில் கோளாறு என்றால் ஒன்று மட்டும் சாகாது. கேஸ்கட் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள், எங்கேயும் காற்று இழுக்கவில்லை. கேள்வியும் பதிலும் அக்கா தங்கை வழியாகவே போய் வந்துகொண்டிருந்தது. இளையவளுக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. டார்ச் அடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் வெளிச்சம் காட்டிய இடத்தில் இரண்டு பேரும் குனிந்தபோது தலையும் தலையும் முட்டிக்கொண்டன. வலித்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மூன்றரை மணிக்கு அழுத்தமானியை எடுத்தார்கள். பிளக் இருக்கும் ஓட்டையில் அதை வைத்து எஞ்சினைச் சுற்றவிட்டால், சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று முள் காட்டும். மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. பச்சைத்துணியில் பாதிகூட இல்லை.

அழுத்தம் கசிகிறதென்றால் இரண்டே வழி. கீழே ரிங் வழியாகக் கசியலாம், அப்படியானால் சின்ன மாப்பிள்ளையின் குற்றம். மேலே வால்வு வழியாகக் கசியலாம், அப்படியானால் பெரிய மாப்பிள்ளையின் குற்றம். எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை அந்த ஓட்டைக்குள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். எண்ணெய் ரிங்கின் இடுக்கை அடைக்கும். முள் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு.

சின்ன மாப்பிள்ளையே எண்ணெய் விட்டார். மூத்தவள் சாவியைத் திருகினாள். முள் எழுந்தது, பழைய இடத்துக்கே வந்து நின்றது. அங்கிருந்து மயிரிழைகூட நகரவில்லை.

அப்பாடா என்று அவர் மனசு துள்ளியது. தன் பிஸ்டன், தன் ரிங், எல்லாம் சுத்தம். அடுத்த நிமிஷமே பெரிய மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஈயாடவில்லை. அவர் இடுக்கியை மேஜையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார், வெளியே போய்ப் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

தான் துள்ளியது எவ்வளவு அசட்டுத்தனம் என்று சின்ன மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. தப்பு தன்னுடையது என்றால் தன்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. தப்பு அவருடையது என்றால் அந்த மனுஷன் செத்தாலும் வந்து கேட்கப் போவதில்லை. இரண்டு வழியிலும் ஆறு மணிக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்ல வேண்டியதுதான். இளையவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. வெளிச்சத்தைச் சரியாகக் காட்டு என்று அவளை வேண்டுமென்றே அதட்டிவிட்டு, வால்வு மூடியின் நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

வால்வுகளைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வால்வைத் திறக்கிற தண்டுக்கும் வால்வுக்கும் நடுவில் தலைமுடி அளவு இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் இரும்பு நீளுமே, அதற்கு இடம். அந்தக் காரில் இடைவெளியைத் திருகிச் சரிசெய்ய ஸ்க்ரூ கிடையாது. காசு மாதிரி ஒரு வட்டத் தகடு உண்டு. கனமான தகடு போட்டால் இடைவெளி குறையும், மெல்லியது போட்டால் கூடும். மேல்பாதி வேலை என்றாலும், அளக்கும் நேரம் மத்தியானமாகிவிட்டதால், எந்த வால்வுக்கு எந்தக் கனம் என்று அளந்து அட்டையில் எழுதி வைத்தது சின்ன மாப்பிள்ளை. மறுநாள் காலை அந்த அட்டையைப் பார்த்துத் தகடுகளை மாட்டியது பெரிய மாப்பிள்ளை.

மூடியைத் தூக்கிவிட்டு, அளவு பார்க்கும் மெல்லிய எஃகு இலைகளை எடுத்துப் பச்சைத்துணியின் வால்வில் நுழைத்தார். இருப்பதிலேயே மெல்லிய இலைகூட உள்ளே போகவில்லை. இடைவெளியே இல்லை. சூடேறியதும் வால்வு நீண்டு, மூட முடியாமல் பாதி திறந்தபடி நின்றிருக்கிறது. அதனால்தான் குளிர்ந்த எஞ்சின் நன்றாக ஓடியது, சூடானதும் மிஸ் அடித்தது. சரி, காரணம் கிடைத்தது. ஆனால் தகடு எப்படித் தப்பாயிற்று?

மற்றவற்றையும் அளந்தார். இரண்டு ஓரங்களிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் இருந்த இன்னொன்றில் நுழைத்தார். மூன்று இலைகளைச் சேர்த்து விட்டாலும் தொளதொளவென்று ஆடியது. டிக் டிக் சத்தம் வந்த இடம் இதுதான். ஒன்றில் இடைவெளி இல்லவே இல்லை, அடுத்ததில் வேண்டிய அளவுக்கு இரண்டு மடங்கு. இரண்டு தகடும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

ஆணியில் தொங்கிய அட்டையைப் பிடுங்கி எடுத்தார். மேலிருந்து கீழே படித்தார், பிறகு கீழிருந்து மேலே படித்தார். கீழிருந்து படித்தால் எஞ்சினில் இருப்பதோடு அப்படியே பொருந்தியது. ஓரத்துத் தகடுகள் ஏறக்குறைய ஒரே கனம், அதனால் மாறினாலும் தெரியவில்லை. நடுவில் இருந்தவை மாட்டிக்கொண்டன.

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாலு வருஷம் கழித்தும் இந்த மனுஷனுக்கு எண்ணத் தெரியவில்லையே என்று அட்டையைக் கசக்கப் போனார். அப்புறம் கை அப்படியே நின்றது. அந்த அட்டையைத் தான் எழுதியது படகுத்துறை வழக்கப்படி அல்ல. அவர் பட்டறை, அவர் வழக்கப்படியே இருக்கட்டும் என்று ஃபேன் பக்கத்திலிருந்து எண்ணி எழுதியிருந்தார். இதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பெரிய மாப்பிள்ளை தன் வழக்கப்படி எண்ணியிருந்தால் எல்லாம் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கும். பின்பக்கத்திலிருந்து எண்ணினால் மட்டுமே இந்தத் தப்பு வரும். பிறந்ததிலிருந்து முன்பக்கத்திலிருந்தே எண்ணுகிறவர் அன்றைக்கு ஏன் பின்பக்கத்திலிருந்து எண்ணினார்?

பதில் தெரிந்தபோது அவர் அட்டையை மெதுவாக மேஜையில் வைத்தார். இதைக் கேட்டு வரச் சொல்லி அண்ணியை அனுப்ப முடியாது. அட்டையில் எழுதி ஆணியில் குத்தவும் முடியாது. எழுந்து வெளியே போனார்.

"அண்ணே."

பெரிய மாப்பிள்ளை திரும்பவில்லை. தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

"அண்ணே, தகடு போட்டப்போ எந்தப் பக்கத்திலேர்ந்து எண்ணினீங்க?"

இப்போது திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. "மறுபடியும் ஆரம்பிக்கறியா?"

"இல்லண்ணே. எனக்குத் தெரியணும்."

அவர் கையில் இருந்த துணியை முறுக்கினார். "உன் பக்கத்திலேர்ந்துதான். பின்னாலேர்ந்து."

"ஏன்?"

"ஏன்னா என்ன அர்த்தம்? நீ எழுதின அட்டை. நீ எப்படி எண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா? நாலு வருஷமா அதைத்தானே நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"நான் முன்னாலேர்ந்து எழுதினேன்ணே. உங்க கணக்குல."

பெரிய மாப்பிள்ளை டயரிலிருந்து எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஃபேன் பக்கத்திலிருந்து என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என்ன கேடு என்று கேட்டார். எழுதினால் பழசைக் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்குமே என்று விட்டதாகச் சின்ன மாப்பிள்ளை சொன்னார். தகடு போட்டதும் ஒரு தடவை அளந்து பார்த்திருக்கக் கூடாதா என்று இவர் கேட்டார். நீ அளந்ததை நான் திருப்பி அளந்தால் உன்னை நம்பாதது போல் ஆகாதா என்று அவர் கேட்டார். சரி, நீயாவது மூடி போடுவதற்கு முன் பார்த்திருக்கலாமே என்றார். நீங்கள் மாட்டியதை நான் சோதித்தேன் என்று தெரிந்தால் அண்ணி என்ன நினைப்பார் என்றார் இவர்.

உள்ளே காரிலிருந்து ஒரு விசித்திரமான சத்தம் வந்தது. மாமனார் சிரித்துக்கொண்டிருந்தார். பெல்ட்டை அவிழ்க்க முடியாமல், பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். சண்டை போட்ட காலத்தில் ஒரு பிஸ்டன்தான் போயிற்று, மரியாதை பார்க்க ஆரம்பித்ததும் ஒரு முழு எஞ்சினுக்கே ஆபத்து வந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெரிய மாப்பிள்ளைக்கும் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சின்ன மாப்பிள்ளை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிடித்த இடத்தில் சட்டையில் ஐந்து விரலும் கரியாகப் பதிந்தது.

எஞ்சின் சூடு ஆறக் காத்திருந்தது போக, தகடுகளை எடுத்து இடம் மாற்ற முக்கால் மணி நேரம் பிடித்தது. ஒருவர் அழுத்திப் பிடிக்க மற்றவர் தகட்டை உருவ வேண்டும், ஒரு கை சறுக்கினால் இன்னொருவர் விரல் போய்விடும். ஒன்றும் போகவில்லை. மாற்றிய பிறகு பெரிய மாப்பிள்ளை அளந்தார். அவர் அளந்ததைச் சின்ன மாப்பிள்ளை வெட்கமில்லாமல் இன்னொரு தடவை அளந்தார். மூடியைப் போட்டார்கள். மூத்தவள் சாவியைத் திருகினாள்.

ஐந்து நிமிஷம். முள் பாதிக்கு வந்தது. பாதியைத் தாண்டி நின்றது. எஞ்சின் இடறவில்லை. டிக் டிக் சத்தமும் இல்லை. மாமனார் மூக்குக் கண்ணாடியை மறுபடி டேஷ்போர்டில் வைத்துப் பார்த்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது. பத்து நிமிஷம் எல்லோரும் அதையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்ன மாப்பிள்ளை மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஆகப் பத்து நிமிஷம். பெரிய மாப்பிள்ளை எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்பதாகத் தெரியவில்லை. அவருக்கு இப்படிப்பட்டதையெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. இளையவள் அக்காவின் முழங்கையை இடித்தாள். அக்கா புருஷனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் அதைக் கவனிக்காமல் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எரிச்சலோடு பேச ஆரம்பித்தார். "இதெல்லாம் சரிப்படாது. நாளையிலேர்ந்து இந்தப் பட்டறையில எண்ணறது ஒரே மாதிரிதான் இருக்கணும். ரெண்டு பேர் வேலை செய்யற இடத்துல ஆளுக்கொரு கணக்கு வெச்சா உருப்படுமா?"

"நாளையிலேர்ந்தா?" என்றார் சின்ன மாப்பிள்ளை.

"பின்னே எப்போ? காலையில எட்டு மணிக்கு வந்துடு. ரெண்டு வண்டி நிக்குது."

சின்ன மாப்பிள்ளைக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. ஆனால் அதைக் காட்டிக்கொள்கிற ஆளா அவர்? ஒரே மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டார். இதென்ன கேள்வி, ஃபேன் பக்கத்திலிருந்துதான் என்றார் பெரியவர். அது எப்படி, எஞ்சினிலிருந்து சக்தி வெளியே வருகிற பக்கம்தானே முதல் பக்கம் என்றார் இவர். தலை எது வால் எது என்று தெரியாதவனோடு எப்படிப் பேசுவது என்று அவர் குரலை உயர்த்தினார். எது தலை என்று யார் தீர்மானித்தது என்று இவரும் உயர்த்தினார். பேனட்டின் இரண்டு பக்கத்திலும் நின்றுகொண்டு இரண்டு பேரும் எஞ்சினைக் குத்திக் குத்திக் காட்டினார்கள். மாமனாரின் கால் பிரேக்கை விட்டு எழவேயில்லை. அக்காவும் தங்கையும் கதவோரம் நின்று, நாலு வருஷத்துக்குப் பிறகு தபால் வேலையில்லாமல், வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இளையவள்தான் நினைவு வந்து போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கையில் திணித்தாள். ஆறுக்கு மூன்று நிமிஷம். சின்ன மாப்பிள்ளை ஒரு காதைப் பொத்திக்கொண்டு மேனேஜரிடம் பேசினார். மன்னிக்க வேண்டும், வர முடியாது, இங்கேயே வேலை அமைந்துவிட்டது என்றார். பெரிய மாப்பிள்ளை அதைக் கவனிக்கவேயில்லை. ஸ்பேனரால் பேனட்டைத் தட்டித் தட்டி, ஃபேன் இருக்கிற பக்கம்தான் முகம், முகத்திலிருந்து எண்ணாமல் முதுகிலிருந்து எண்ணுவார்களா என்று கத்திக்கொண்டிருந்தார். சத்தம் அந்த முனைக்கும் கேட்டிருக்கிறது. அங்கே என்ன கலாட்டா, ஏதாவது பிரச்சனையா என்று மேனேஜர் கவலையோடு கேட்டார்.

"ஒண்ணுமில்லை சார்" என்றார் சின்ன மாப்பிள்ளை. "என் சகலை என்கிட்ட பேசிக்கிட்டிருக்கார்."